கச்சானில் தப்பியது வாடையில் தப்புமா? எண்ணெய்க் கசிவு எதிர்வுகூறலும் எமது கிழக்குக் கரையோரமும்

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே சுமார் 38 கடல்மைல் தொலைவில் 'எம்.ரி. நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்த் தாங்கிக் கப்பலின் இயந்திர அறையில் தீ மூண்டது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலில் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெய் இருந்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் சேர்ந்து தீயை அணைத்தன. அணைந்த தீ மீண்டும் மூண்டது, மீண்டும் அணைத்தார்கள். இழுவைக் கப்பல்கள் அதைக் கரையிலிருந்து விலக்கி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றன. கப்பலின் சொந்த எரிபொருளில் ஒரு பகுதி கடலில் படலமாகப் பரவியது. ஆனால் மசகு எண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தாங்கிகள் உடைந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியை ஐந்து ஆண்டுகளாகியும் நாம் முறையாகக் கேட்டுக்கொள்ளவில்லை. 1989 இல் அலாஸ்காவில் எக்ஸொன் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் ஏறத்தாழ 37 ஆயிரம் தொன். அதன் அடையாளங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கரைகளில் மணலைத் தோண்டினால் கிடைத்தன. நியூ டயமண்டில் இருந்தது அதைப் போல் ஏழு மடங்கு. பொத்துவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று வரிசையாகக் கடலை நம்பி வாழும் ஊர்கள் அந்தக் கப்பலுக்கு நேர் எதிரே இருந்தன.

தாங்கிகள் தாங்கி நின்றது முதலாவது காரணம் என்றால், இரண்டாவது காரணம் பருவம். செப்டெம்பர் என்பது கச்சான் காலம். தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வரும் காற்று கிழக்குக் கரையில் கடலை நோக்கியே வீசும். கடலில் மிதக்கும் எண்ணெயைக் காற்று தன் வேகத்தில் ஏறத்தாழ 3 வீத வேகத்தில் தள்ளிச் செல்லும் என்பது இத்துறையில் நீண்டகாலமாகப் பயன்படும் கணக்கு. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் எண்ணெய் ஒரு நாளைக்குச் சுமார் 26 கிலோமீற்றர் நகரும். 38 கடல்மைல் என்பது 70 கிலோமீற்றர். கச்சானில் அந்த எண்ணெய் வங்காள விரிகுடாவின் நடுவை நோக்கித் தள்ளப்படும். அதே கப்பல் அதே இடத்தில் டிசெம்பர் மாதம், வாடைக் காற்று கரையை நோக்கி வீசும்போது எரிந்திருந்தால்? எழுபதை இருபத்தாறால் வகுத்துப் பாருங்கள். மூன்று நாள் கூட இல்லை.

இந்த வகுத்தல் மிகவும் எளிமையானது. கடல் அவ்வளவு எளிமையாக நடந்துகொள்ளாது. காற்று தள்ளுவதுபோல நீரோட்டமும் இழுக்கும், இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குக் கிழக்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும் ஒரு பெரிய நீர்ச்சுழல் உருவாகிறது. கடலியலாளர்கள் அதை 'இலங்கைக் குவிமாடம்' என்று அழைக்கிறார்கள். வருட இறுதியில் இந்தியாவின் கிழக்குக் கரையைத் தொட்டுவரும் நீரோட்டம் எமது கரையோரமாகத் தெற்கே ஓடும். இவற்றையெல்லாம் மனக்கணக்கில் போட முடியாது. அதற்காகத்தான் கணினி மாதிரிகள் இருக்கின்றன.

இந்த மாதிரிகள் செய்யும் வேலையைச் சாதாரணமாகச் சொல்லிவிடலாம். கொட்டிய எண்ணெயை ஆயிரக்கணக்கான சிறு துணிக்கைகளாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துணிக்கையையும் அந்த நேரத்து நீரோட்டம் எவ்வளவு நகர்த்தும், காற்று எவ்வளவு தள்ளும், அலைக் கலக்கத்தில் எவ்வளவு சிதறும் என்று சிறு சிறு நேர இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. கூடவே எண்ணெய் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கிறது. டீசல் என்றால் பெரும்பகுதி விரைவில் ஆவியாகிவிடும். மசகு எண்ணெயில் பாரம் குறைந்த பகுதி முதல் ஓரிரு நாட்களில் போய்விடும். கப்பல்கள் எரிக்கும் பாரமான உலை எண்ணெய் அப்படிப் போகாது. கடல்நீரை உள்வாங்கி, ஊதி, களியாக மாறிக் கரையில் வந்து ஒட்டும். எனவே எவ்வளவு கொட்டியது என்பதற்கு நிகராக என்ன எண்ணெய் கொட்டியது என்பதும் முக்கியம். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா உருவாக்கிய 'நோம்' என்ற மென்பொருளும், நோர்வே வானிலை நிறுவனத்தின் 'ஓபன்டிரிப்ட்' என்பதும் எவரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தக் கூடியவை. எங்கள் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நல்ல மடிக்கணினி ஒன்றில் இயக்கிப் பார்க்கலாம். பணமில்லை, தொழில்நுட்பமில்லை என்ற வழமையான சாக்கு இங்கே செல்லாது.

நாளை நடப்பதைச் சொல்வது மறைவான ஞானத்தில் கைவைப்பதாகாதா என்று எம்மவர் சிலர் கேட்பதுண்டு. தொழுகை நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் நாம் இந்தக் கேள்வியில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. (பிறை விவாதத்தை இங்கே இழுக்க எமக்கு விருப்பமில்லை.) அல்லாஹ் கடலுக்கும் காற்றுக்கும் வைத்த ஒழுங்கை அவதானித்துக் கணக்குப் பார்ப்பதுதான் இது. கணக்குப் பிழைக்கலாம். அதனால்தான் நேர்மையான மாதிரிகள் ஒரு கோட்டைக் காட்டாமல், எண்ணெய் போகக்கூடிய பரப்பைக் காட்டுகின்றன.

எங்கே பிழைக்கும் என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் எமது கரையோரத்தில் அந்தப் பிழைகள் அதிகம். காற்றின் எதிர்வுகூறல் மூன்று, நான்கு நாட்களுக்கு அப்பால் தளர்ந்துவிடும், அதனுடன் எண்ணெயின் எதிர்வுகூறலும் தளரும். ஆகவே ஒரு தடவை இயக்கி அறிக்கை எழுதிவிட்டு இருக்க முடியாது. விமானத்திலிருந்தோ செய்மதியிலிருந்தோ எண்ணெய் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு நாளும் திருத்தி மீண்டும் இயக்க வேண்டும். அடுத்தது, உலகளாவிய கடல் மாதிரிகள் கடலைச் சுமார் 9 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. அந்தக் கண்ணுக்கு அறுகம் குடா ஒரு புள்ளி கூட இல்லை. முகத்துவாரங்கள் தெரியவே தெரியாது. கோடையில் மணல் திட்டு மூடி நிற்கும் முகத்துவாரம் மாரி வெள்ளத்தில் உடைத்துக்கொண்டு திறக்கும், சில வேளைகளில் வெள்ளத்தை வடியவிட ஊரவர்களே வெட்டித் திறப்பார்கள். திறந்த முகத்துவாரத்தால் எண்ணெய் களப்புக்குள் நுழைந்தால் இறால், நண்டு, கண்டல் என்று எல்லாமே போய்விடும். திறந்த கடற்கரையில் ஒட்டிய எண்ணெயை அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவும், களப்புச் சேற்றில் படிந்ததை எதுவும் கழுவாது. 1991 வளைகுடாப் போரில் சவூதியின் கிழக்குக் கரையில் ஒதுங்கிய எண்ணெய், ஜுபைலுக்கு வடக்கேயுள்ள உப்புச் சேற்று நிலங்களில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் கிடந்தது. இன்று எந்த முகத்துவாரம் திறந்திருக்கிறது என்பதை ஐதராபாத்திலோ ஒஸ்லோவிலோ இருக்கும் கணினி அறியாது. அங்கே வலை வீசுபவர் அறிவார்.

மிகப் பெரிய பிழை கணினிக்குள் நுழைவதற்கு முன்பே நடக்கிறது. எவ்வளவு கசிந்தது, எத்தனை மணிக்கு, எந்த வகை எண்ணெய் என்ற மூன்று தகவல்களையும் முதலில் அறிந்திருப்பது கப்பல் தரப்பு. அவற்றைக் குறைத்துச் சொல்வதில் அவர்களுக்கு இலாபம் இருக்கிறது. 2017 ஜனவரி 28 இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபோது கசிவு பெரிதல்ல என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. நாட்கள் செல்லச் செல்லத் தொகை ஏறிக்கொண்டே போனது. பின்னர் வந்த ஆய்வுக் கட்டுரை ஏறத்தாழ 196 தொன் உலை எண்ணெய் என்று குறிப்பிட்டது. இந்தியாவின் தேசிய கடல் தகவல் சேவைகள் நிலையமான இன்கொய்ஸிடம் எதிர்வுகூறும் வசதி அன்றே இருந்தது. ஆனால் எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளிகளால் கரும் களியை அள்ளிக்கொண்டிருந்த படங்களைத்தான் உலகம் பார்த்தது. மாதிரி இருந்தும் கைகளில் வாளிதான் இருந்தது என்ற அந்த இடைவெளியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

மாறான ஓர் உதாரணமும் உண்டு, அது யெமனில் இருக்கிறது. ஹுதைதாவுக்கு வடக்கே ராஸ் ஈஸாவில் 'சேஃபர்' என்ற பழைய மிதக்கும் எண்ணெய்க் களஞ்சியக் கப்பல், 2015 இல் யுத்தம் தீவிரமானதிலிருந்து பராமரிப்பு இல்லாமல் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே 11 இலட்சம் பீப்பாய்க்கும் மேற்பட்ட எண்ணெய். கசிவு நடப்பதற்கு முன்பே ஆய்வாளர்கள் கணினியில் அந்தக் கப்பலை மீண்டும் மீண்டும் உடைத்துப் பார்த்தார்கள். வெவ்வேறு பருவங்கள், வெவ்வேறு காற்று, வெவ்வேறு நீரோட்டம் என்று மாற்றி மாற்றி இயக்கினார்கள். 2021 இல் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில் வந்த அந்த ஆய்வின்படி, எண்ணெய் ஓரிரு வாரங்களுக்குள் யெமனின் மேற்குக் கரையை அடையும், எரிபொருள் இறக்கும் துறைமுகங்கள் மூடப்படும், எரிபொருள் இல்லாமல் நீர் இறைக்கும் இயந்திரங்கள் நிற்கும், 90 இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் சுத்தமான குடிநீர் பாதிக்கப்படும். மூன்று வாரங்களில் யெமனின் செங்கடல் மீன்பிடியில் ஏறத்தாழ முழுவதுமே முடங்கும்.

எண்ணெய் எங்கே போகும் என்ற கணக்கு, யாருடைய வீட்டில் தண்ணீர் நிற்கும் என்ற கணக்காக மாறியதும் பேச்சின் தொனி மாறியது. சுத்தப்படுத்த மட்டும் 2000 கோடி டொலர் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. அதற்கு முன்னே எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றும் செலவு மிகச் சிறியது. அந்தச் சிறிய தொகைக்கும் ஐ.நா. பொதுமக்களிடம் கையேந்த வேண்டியிருந்தது என்பது செல்வந்த நாடுகளுக்கு, குறிப்பாக எண்ணெயில் செழித்த முஸ்லிம் நாடுகளுக்குப் பெருமை தரும் செய்தியல்ல. எப்படியோ 2023 ஜூலை 25 இல் தொடங்கிய பணி ஓகஸ்ட் 11 இல் முடிந்தது, எண்ணெய் பாதுகாப்பாக மாற்றப்பட்டது. யுத்தம் செய்துகொண்டிருந்த தரப்புகள் கூட இதற்கு இணங்கின.

எம்மிடம் வருவோம். நியூ டயமண்டில் இருந்தது ஏறத்தாழ 20 இலட்சம் பீப்பாய், சேஃபரில் இருந்ததைவிட அதிகம். சேஃபருக்குச் செய்த அதே வேலையை எமது கிழக்குக் கரைக்கும் செய்யலாம். கப்பல் பாதைகளில் பத்துப் பதினைந்து இடங்களைத் தெரிந்து, பன்னிரண்டு மாதங்களின் காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து ஆயிரக்கணக்கான தடவைகள் இயக்கினால், எந்த மாதத்தில் எங்கே விபத்து நடந்தால் எந்த ஊருக்கு எத்தனை நாளில் எண்ணெய் வரக்கூடும் என்ற வரைபடம் கிடைக்கும். விபத்து நடக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மேற்குக் கரையில் பருவம் எங்களைக் காப்பாற்றவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்தபோது தென்மேற்குக் காற்று கரையை நோக்கித்தான் வீசியது. 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் குறுணிகளில் பெருமளவு நீர்கொழும்புக் கரைகளில் பனிபோல் குவிந்தது. கடந்த 2025 மே 25 இல் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. அதில் 367 தொன் உலை எண்ணெயும் 84 தொன் டீசலும் இருந்தன. இன்கொய்ஸ் உடனே மாதிரியை இயக்கி ஆலப்புழைப் பக்கத்துக் கரைகளை எச்சரித்தது, கொள்கலன்கள் ஆலப்புழையிலும் கொல்லத்திலும் ஒதுங்கின. சில வாரங்களில் அதன் பிளாஸ்ரிக் குறுணிகள் எமது மன்னார் கரைக்கும் வந்து சேர்ந்தன. கேரளத்தில் மூழ்கிய கப்பலுக்கு மன்னாரில் குப்பை பொறுக்குகிறோம் என்றால், இந்தியாவின் எதிர்வுகூறல் எமது கரை வரை நீண்டு, அந்த வரைபடம் அன்றன்றே எமது அதிகாரிகளின் மேசைக்கு வர வேண்டும் என்று கேட்பது அரசியலல்ல, அயலவர் உரிமை.

இதே மாதிரிகளைக் காலத்தில் பின்னோக்கியும் ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. கரையில் தார் உருண்டைகள் ஒதுங்கினால், அவை சில நாட்களுக்கு முன் எங்கே இருந்திருக்கும் என்று திருப்பிக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் அங்கே சென்ற கப்பல்களின் பதிவுடன் ஒப்பிடலாம். முடிவான தீர்ப்பை இது தராது, எண்ணெயின் இரசாயனப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் சந்தேகப் பட்டியலைச் சுருக்கும். எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 2025 ஜூலையில் எமது உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்துமாறு உத்தரவிட்டது. கடல் மாசு வழக்கை இலங்கை நீதிமன்றம் இவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்ளும் என்றால், ஆதாரம் சேர்க்கும் பக்கமும் அதற்கேற்பத் தயாராக இருக்க வேண்டும். இழப்பீடு கேட்கும் மீனவரிடம் "உங்கள் குடாவுக்கு எண்ணெய் வந்ததற்கு என்ன சான்று?" என்றுதான் முதலில் கேட்பார்கள். திகதியிட்ட எதிர்வுகூறல் வரைபடமும் அதே திகதியில் எடுத்த கைத்தொலைபேசிப் படமும் சேர்ந்தால் அது சான்று.

சட்டமும் நிறுவனமும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது, எண்ணெய்க் கசிவுக்கான தேசிய அவசரத் திட்டம் இருக்கிறது, கடலை ஆராய நாரா நிறுவனம் இருக்கிறது. வரைபடம் கொழும்பில் ஓர் அலுவலகத்தின் திரையில் தோன்றுவதற்கும் ஒலுவிலில் படகைக் கடலில் இறக்குபவர் அதை அறிவதற்கும் இடையிலான தூரத்தை எவரும் அளக்கவில்லை. மிதவைத் தடுப்பு வேலிகளையே எடுத்துக்கொள்வோம். நீரோட்டம் முக்கால் நொட்டைத் தாண்டினாலே எண்ணெய் வேலிக்கு அடியால் நழுவத் தொடங்கும், வாடைக்கால அலையில் திறந்த கடலில் அவை நிற்காது. அவற்றால் பயன் வேண்டுமென்றால் எண்ணெய் வருவதற்கு ஒரு நாளாவது முன்னதாக முகத்துவாரத்தின் அமைதியான உட்பக்கத்தில், சரியான கோணத்தில் போட்டிருக்க வேண்டும். எந்த முகத்துவாரம் என்பதை மாதிரி சொல்ல வேண்டும், அது இன்று திறந்திருக்கிறதா என்பதை ஊர் சொல்ல வேண்டும், வேலி மாவட்டத்துக்குள்ளேயே களஞ்சியத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே நாளில் ஒன்றுசேர வேண்டும்.

எங்கள் ஊர்களில் இதைச் சொன்னால் எழக்கூடிய எதிர்ப்பும் எமக்குத் தெரியும். ஒலுவில் துறைமுகத்தையும் ஆய்வு செய்துதானே கட்டினார்கள், பிறகு கரை அரித்துத் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயினவே, துறைமுக வாயிலை மணல் மூடியதே என்பார்கள். நியாயமான கோபம். மணல் எந்தப் பக்கம் நகரும் என்று கரைவலைக்காரர்கள் பரம்பரையாக அறிந்துவைத்திருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்த அனுபவம் கணினியை ஒதுக்கச் சொல்லவில்லை. கணினிக்குத் தகவல் கொடுக்கும் இடத்தில் எம்மவரும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது.

எதிர்வுகூறல் தமிழில் வர வேண்டும். அதுவும் "வடகிழக்குத் திசையில் நகரும் சாத்தியம்" என்ற பாணியில் அல்லாமல், "வெள்ளி மாலைக்குள் கோமாரி முதல் திருக்கோவில் வரை" என்ற பாணியில். எண்ணெய்ப் படலம் இருக்கும் பகுதியில் வலை போட்டால் வலையே வீணாகும், இயந்திரப் படகின் குளிர்நீர்க் குழாயும் அடைபடும். இதை முன்னதாக அறிந்தால் ஒரு குடும்பத்தின் முதல் தப்பும். இந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்கப் புதிய வலையமைப்பு தேவையில்லை. ஜனாஸா அறிவித்தலும் சுனாமி எச்சரிக்கையும் ஒலிக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் கோயில்களிலும் இருக்கின்றன. மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலிருந்து பள்ளிவாசல் சம்மேளனங்களுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரே நேரத்தில் செல்லும் தொலைபேசிப் பட்டியல் ஒன்று இருந்தால் போதும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எமது மக்கள் பிரதிநிதிகள் இரண்டு விடயங்களைக் கேட்கலாம். வாடைக்காலத்துக்கான ஆபத்து வரைபடம் தயாரிக்கப்பட்டிருக்கிறதா, அம்பாறைக் கரைக்கென எத்தனை மீற்றர் மிதவை வேலி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது. பதில் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பாணமையிலிருந்து மருதமுனை வரை எத்தனை முகத்துவாரங்கள், ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் திறந்து எந்த மாதத்தில் மூடுகிறது, பாதை எது, அங்கே உள்ள தோணிக்காரரின் தொலைபேசி இலக்கம் என்ன என்ற பட்டியலைத் தயாரிக்க எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டாம். ஒவ்வொரு ஊரின் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரு ஜும்ஆவுக்குப் பின் உட்கார்ந்தால் அஸருக்கு முன் முடித்துவிடலாம்.